வெண்ணெய் மாதிரி ஒரு ட்ரிகர்

“என் விரல் அசைஞ்சுதா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு மேடம்,” என்றான் வெலிக்கோ.

துப்பறிய வந்தவர்களிடம் சொல்லக்கூடாத வாக்கியங்களைப் பட்டியல் போட்டால் இதற்குத்தான் முதல் இடம். அதுவும், தன்மேல் தப்பில்லை என்று நிரூபித்துத் தரும்படி எங்களை அமர்த்தியவனே சொன்னால்? கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

ராலிட்ஸா மேடம் வைக்கவில்லை. நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

“பன்னெண்டு நாள் முன்னாடி போலீஸ்ல அப்படிச் சொல்லலையே. துப்பாக்கி தானா வெடிச்சுதுன்னு அடிச்சுச் சொன்னீங்க.”

“அப்ப நிச்சயமா தெரிஞ்சுது. இப்ப ஊர்ல ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. கேட்டுக் கேட்டு...” வெலிக்கோ தன் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தான். யாரோ இரவல் கொடுத்த விரல் மாதிரி பார்த்தான்.

மேடம் பதினைந்து வருஷம் போலீஸில் இருந்து, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவர். நான் பென்சோ, இருபத்தெட்டு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவருக்கு மூளை, எனக்கு ஒரு பழைய காரும் ஒரு வாயும். எங்கள் நிறுவனத்தின் மொத்தச் சொத்து அவ்வளவுதான்.

நடந்தது இது. நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை, செர்னி டோல் ஊர் வேட்டைக் கழகத்தார் காட்டுப்பன்றி விரட்டப் போனார்கள். மேட்டிலிருந்து நாய்கள் விரட்ட, கீழே ஓடைக்கரையில் ஆளுக்கொரு இடத்தில் துப்பாக்கிகள் காத்து நின்றன. நாய்ச் சத்தம் நெருங்கியதும் வெலிக்கோ துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டே சேஃப்டிப் பூட்டைத் தள்ளி விடுவித்தான். குண்டு பாய்ந்துவிட்டது. பட்டது பன்றிக்கு இல்லை, கழகத் தலைவர் ஸ்டாமெனின் தொடைக்கு. வெலிக்கோ துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி, தன் இடுப்பு பெல்ட்டால் அவர் காலை இறுக்கிக் கட்டி, முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அவர் பிழைத்தது அதனால்தான் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் போன குளிர்காலத்தில் இதே ஸ்டாமென் குறி தவறிச் சுட்டதில் வெலிக்கோவின் வேட்டை நாய் செத்துப் போயிருந்தது. நாய்க்குப் பழி வாங்கினான் என்று ஊர் பேசியது. அரசு வக்கீலும் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவரு எத்தனை அடி தூரத்துல இருந்தாரு?” என்று மேடம் கேட்டார்.

“நாப்பது அடி இருக்கும்.”

“அதுதான் அவர் நிக்க வேண்டிய இடமா?”

“இல்ல மேடம். அவர் இடம் எனக்கு இருநூறு அடி கீழ. விரட்டு ஆரம்பிச்சா யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது. அந்தச் சட்டத்தை எங்களுக்கு வருஷா வருஷம் படிச்சுக் காட்டறதே அவர்தான்.”

“அப்புறம் ஏன் நகர்ந்தாரு?”

வெலிக்கோவுக்குத் தெரியவில்லை. மேடம் நோட்டில் அதை எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார்.

மேஜைமேல் மாவட்டத் துப்பாக்கிச் சோதனைக் கூடத்தின் அறிக்கை கிடந்தது. நான் எடுத்து உரக்கப் படித்தேன். குக்கெர் ரகத் துப்பாக்கி, புதியது, ஐம்பது முறை சோதிக்கப்பட்டது, ட்ரிகரை அழுத்தாமல் ஒருமுறைகூட வெடிக்கவில்லை. ‘ட்ரிகர் மென்மையாகவும் ஒரே சீராகவும் இயங்குகிறது.’

“பரீட்சையில ஐம்பதுக்கு ஐம்பது,” என்றேன். “என் பையன்கூட இந்த மார்க் வாங்கினதில்ல.”

“உங்க துப்பாக்கியோட ட்ரிகர் எப்படி இருக்கும் வெலிக்கோ?”

“மணல்ல சைக்கிள் மிதிக்கற மாதிரி இருக்கும். கரகரன்னு. மலிவா வாங்கினா அப்படித்தான்னு விட்டுட்டேன். எங்க கழகத்துல அஞ்சு பேரு ஜூலையில ஒண்ணா வாங்கினோம். தலைவர் பேசி விலையைக் குறைச்சுக் கொடுத்தாரு.”

மேடம் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். “மத்த நாலு பேரு யாரு?”

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: “மேடம், நம்ம ஆளே சுட்டிருப்பானோ? நாய் வளக்கறவங்களை நம்பக்கூடாது. பொண்டாட்டி செத்தா ஒரு வருஷம் அழுவாங்க. நாய் செத்தா கணக்கே கிடையாது.”

“நானும் அவனைச் சந்தேகப்படறேன் அண்ணே,” என்றார் அவர். “அவனை மட்டும் இல்ல, எல்லாரையும். வண்டியை எடுங்க.”

*

முதல் ஆள் ஷிவ்கா. ஊர் ரொட்டிக்கடைக்காரி. முழங்கை வரை மாவு, தோள் என்னைவிட அகலம். குக்கெர் என்ற பெயரைக் கேட்டதும் கையிலிருந்த மாவு உருண்டையைப் பலகையில் ஓங்கி அறைந்தாள்.

“அந்தச் சனியனா? பள்ளத்தைத் தாண்டினா தோட்டா போடற மேகசின் கழண்டு விழுது. பாலாடைக்கட்டி பாக்கெட்டுக்குப் போடற ரப்பர் பேண்டைப் போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். குளிர்ல தோட்டாவைத் தள்ளற போல்ட் நகராது, மரச்சுத்தியலால தட்டணும். குறி பாக்கற ஸ்கோப் மாட்டற ஓட்டையெல்லாம் கோணல். எவனோ கண்ணை மூடிக்கிட்டுத் துளை போட்டிருக்கான்.”

“வேற?” என்று மேடம் கேட்டார்.

“வேறயா? பிளாஸ்டிக் கட்டை கிறீச்சுங்குது. நான் மூச்சு விட்டா பன்றிக்குக் கேக்குது. ஒரு நாள் ஒண்ணு திரும்பி என்னைப் பாத்துச்சு அக்கா. பயத்துல இல்ல, பரிதாபத்துல.”

நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. “ட்ரிகர்?”

ஷிவ்கா யோசித்தாள். “ட்ரிகர் மட்டும் நல்லா இருக்கு. வெண்ணெய் மாதிரி.”

அடுத்தது ட்ராகோமிர், பள்ளிக்கூட ஆசிரியர். தொழிற்சாலைக்கு மூன்று கடிதம் எழுதியவர். மூன்றின் நகலையும் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். மூன்றாவது கடிதத்தில் கோபத்தோடு இலக்கணமும் ஏறியிருந்தது. கட்டை குழலில் இடித்ததால் உப்புத்தாள் வாங்கித் தானே தேய்த்திருக்கிறார். முதல் குண்டு வலப்பக்கம் போகிறது, இரண்டாவது இடப்பக்கம் போகிறது, நடுவில் பன்றி போகிறது என்றார்.

“ட்ரிகரைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே சார்?”

“அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை அம்மா. வெண்ணெய்.”

மூன்றாவது ஆள் மரக்கடைக்காரர், நான்காவது ஆள் தபால்காரர். மேகசின், போல்ட், ஓட்டை, கட்டை என்று இருவரும் அதே வரிசையில் திட்டினார்கள். ட்ரிகரைக் கேட்டதும் இருவரும் அதே வெண்ணெய்.

காருக்குள் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினேன். “நாலு பேரும் ஒரே வார்த்தை மேடம். யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. ‘ட்ரிகரைப் பத்திக் கேட்டா வெண்ணெய்னு சொல்லுங்க’ன்னு.”

“சொல்லிக் கொடுத்தவன் மத்ததையும் நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்லியிருப்பான்ல? துப்பாக்கியைக் காறித் துப்பிட்டு ட்ரிகருக்கு மட்டும் மாலை போடறாங்க. அப்ப அவங்க சொல்றது நிஜம்.” மேடம் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தார். எதிர்ப்பக்கக் கம்பத்தில் இரங்கல் தாள்கள் காற்றில் படபடத்தன. “அண்ணே, எல்லாமே மட்டமான ஒரு சாமான்ல ஒண்ணு மட்டும் உசத்தியா இருந்தா என்ன அர்த்தம்?”

“என் கார்ல ஹாரன் மட்டும் நல்லா இருக்கும். போன வருஷம் மாத்தினேன்.”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

“மாத்தியிருக்காங்க!” என்றேன்.

“கீழ இறங்குங்க. ஷிவ்காகிட்ட இன்னொண்ணு கேக்கணும்.”

ஷிவ்கா எங்களைக் கண்டதும் சூடான பனிட்ஸா இரண்டைக் காகிதத்தில் சுருட்டி என் கையில் திணித்தாள். அதன் பாலாடைக்கட்டி நாக்கைச் சுட்டது. வாங்கிய பிறகு துப்பாக்கி வேறு யார் கைக்காவது போனதா என்று மேடம் கேட்டார்.

“போச்சே. ஆகஸ்ட்ல தலைவர் வந்து எல்லாத்தையும் தன் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாரு. கம்பெனி இலவசமா குளிர்கால எண்ணெய் போட்டுத் தருதாம். ரிப்பேர்க் கடை மின்கோகிட்ட ரெண்டு நாள் இருந்துச்சு.”

“ஆகஸ்ட்ல குளிர்கால எண்ணெயா?” என்றேன், வாய் நிறையப் பனிட்ஸாவோடு.

“இலவசம்னா நாங்க காலண்டர் பாக்கறதில்ல அண்ணே.”

கடை வாசலிலேயே நின்று மேடம் வெலிக்கோவுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது. “எண்ணெயா? எனக்குத் தெரியாதே மேடம். ஆகஸ்ட்ல நான் ஸ்பெயின்ல பேரிக்காய் பறிச்சுக்கிட்டு இருந்தேன். வந்தது அக்டோபர் கடைசியில. துப்பாக்கிப் பெட்டிச் சாவி என் கழுத்துலதான் கிடந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமைதான் புதுசை முதல் தடவையா காட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன்.”

போனை அணைத்துவிட்டு மேடம் அறிக்கையை வெளியே எடுத்து, அந்த ஒரு வரியின் கீழ் நகத்தால் கோடு போட்டார். ‘மென்மையாகவும் ஒரே சீராகவும்.’

“ஆகஸ்ட்ல மாத்தாத ட்ரிகர், நவம்பர்ல சோதனைக் கூடத்துக்குப் போறப்ப எப்படி வெண்ணெய் ஆச்சு?” என்றார்.

*

மின்கோவின் பட்டறை, ஊர்க்கோடியில், பழைய ரம்ப ஆலைக்குப் பின்னால் இருந்தது. ஒல்லி மனிதர். அறுபது வயது. எதையும் தூக்கி எறியாத ஜாதி. சுவர் முழுக்க அல்வா டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. ‘வளைந்த ஆணி.’ ‘மிகவும் வளைந்த ஆணி.’ ‘எதற்கென்று தெரியாத திருகு.’

“குக்கெருக்கு ஒரு பழைய ட்ரிகர் வேணும்,” என்றார் மேடம், காய்கறி வாங்குகிற குரலில். “மோசமா இருந்தாலும் பரவாயில்ல.”

“அதெல்லாம் நம்மகிட்ட கிடையாதும்மா. கம்பெனிக்கு எழுதிப் போடுங்க.”

மின்கோ சொல்லி முடிக்கும்போது நான் மூன்றாவது தட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். “அண்ணே, இதோ ‘குக்கெர் - கெட்டது’ன்னு எழுதியிருக்கே. கையெழுத்து இவ்வளவு நல்லா இருந்தா திருடனா இருக்க முடியாது போல.”

அவர் கை டப்பாவை நோக்கி நீண்டது. மேடத்தின் கை முந்திக்கொண்டது.

மேஜைமேல் கவிழ்த்ததும் ஐந்து ட்ரிகர்கள் கலகலவென விழுந்தன.

“ஆகஸ்ட்ல எத்தனை துப்பாக்கி வந்துச்சு?”

“அஞ்சு,” என்றார் மின்கோ. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. மனப்பாடம் செய்த பதில்.

“யார் யாரோடது?”

“கழகத்துல வாங்கின எல்லாருடையதும்தான். ஷிவ்கா, வாத்தியார், மரக்கடை, தபால்காரர், வெலிக்கோ.”

“வெலிக்கோ அப்ப ஸ்பெயின்ல இருந்தான். பெட்டிச் சாவி அவன் கழுத்துல இருந்துச்சு. துப்பாக்கி எப்படி வந்துச்சு? நடந்தா?”

மின்கோ காலி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேடம் ஒரு பென்சிலால் ட்ரிகர்களைப் பிரித்தார். நான்கை ஒரு பக்கம் தள்ளினார், ஒன்றை மட்டும் தன் பக்கம் இழுத்தார். “பாருங்க அண்ணே. இந்த நாலுலயும் பெட்டியில வந்த எண்ணெய் அப்படியே காஞ்சு கிடக்கு. இதெல்லாம் காட்டையே பாத்ததில்ல. ஜூலையில வாங்கி, வேட்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கழட்டினது.” பென்சில் முனை ஐந்தாவதின் இடுக்கில் நின்றது. அங்கே காய்ந்த சேறு, அதில் ஒட்டிய ஓக் சருகுத் துணுக்கு. “இது காட்டுக்குப் போயிருக்கு. ஈரத் தரையில விழுந்திருக்கு. யாரையோ காப்பாத்த ஓடினவன் தூக்கி எறிஞ்ச துப்பாக்கியில இருந்திருக்கு.”

மின்கோ முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“போலீஸ்தான் கொண்டாந்தாங்க,” என்றார் மெல்ல. “ஞாயித்துக்கிழமை சாயங்காலம். போல்ட் சிக்கிக்கிச்சு, சுட்ட தோட்டா உள்ளயே நிக்குது, எடுத்துக் கொடுங்கன்னாங்க. கான்ஸ்டபிள் முன்னறையில காபி குடிச்சான். அரை மணி நேரம். ட்ரிகரை மாத்த பத்து நிமிஷம் போதும்.”

“தொழிற்சாலைக்காரன் எவ்வளவு கொடுத்தான்?” என்று பாய்ந்தேன். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

“அவங்களுக்கு இன்னும் இது தெரியவே தெரியாது.”

“பின்ன யார் மாத்தச் சொன்னது?”

மின்கோ என்னைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்த்தார். “ஸ்டாமென்.”

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். “குண்டு பட்ட ஸ்டாமெனா?”

அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். எங்கள் பக்கத்தில் அப்படி ஆட்டினால் ஆமாம். “ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணினாரு. ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி. பேசவே முடியல. ‘மின்கோ, அதை மாத்திடு’ன்னாரு. அவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. துப்பாக்கி சிக்கினா போலீஸும் என்கிட்டதான் கொண்டாருவாங்கன்னு அவருக்குத் தெரியும்.”

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தொழிற்சாலையின் முத்திரை போட்ட கடிதம், பதில் எழுதித் திருப்பி அனுப்பியதன் நகல். சேஃப்டியை விடுவிக்கும்போது துப்பாக்கி தானாக வெடிக்கக்கூடும் என்று தெரியவந்திருக்கிறது. விலை உயர்ந்த ரகத்தின் ட்ரிகரை இலவசமாக அனுப்புகிறோம், கழகத் தலைவர்கள் துப்பாக்கிகளைத் திரட்டி மாற்றிவிட வேண்டும், உறுப்பினர்களிடம் காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கீழே கையால் எழுதியிருந்தது: ‘ஐந்தில் ஐந்து மாற்றப்பட்டன.’ அதன் கீழே ஸ்டாமென், மின்கோ, இருவர் கையெழுத்தும்.

“வெலிக்கோ வந்ததும் மாத்திக்கலாம்னு ஒரு ட்ரிகரைத் தனியா எடுத்து வெச்சேன்,” என்றார் மின்கோ. “வந்தான். தலைவர் மறந்துட்டாரு. நானும் மறந்துட்டேன்.”

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, டப்பாவையும் கடிதத்தையும் வாங்கி, ரசீது எழுதிக் கொடுக்கும்வரை அவர் பட்டறையை விட்டு நகரவில்லை.

“வழக்கு முடிஞ்சுது,” என்றேன், காரில் ஏறும்போது. “வெலிக்கோவுக்கு விடுதலை, மின்கோவுக்குப் புது டப்பா. ‘கெட்ட நேரம்’னு சீட்டு ஒட்டிக்கலாம்.”

மேடம் நோட்டை எடுத்து, இரண்டு கோடு இழுத்த வரியைக் காட்டினார். “இதுக்குப் பதில் வரல. போற வழியில வெலிக்கோவை ஏத்திக்கங்க.”

*

மாவட்ட மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஐந்து வரை. வெலிக்கோ வார்டு வாசலிலேயே நின்றுவிட்டான். இத்தனை நாளும் அவன் அங்கே போகவில்லை. போக முகமில்லை. மேடம்தான் அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

ஸ்டாமென் கட்டிலை நிரப்பிக் கிடந்தார். கனத்த மனிதர், நரைத்த மீசை, கட்டுப் போட்ட கால் கயிற்றில் தொங்கியது. வெலிக்கோவைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நர்ஸ் நினைத்திருப்பாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மின்கோ எல்லாத்தையும் சொல்லிட்டாரு தலைவரே.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதைப் பெரிசு பண்ணாதீங்கம்மா. குண்டு பட்டது எனக்கு. நான் மன்னிச்சுட்டேன்னு வக்கீல்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன். கை தவறி நடந்த விபத்துன்னு ஒரு அபராதத்தோட போயிடும். அவன் ஜெயிலுக்குப் போக வேண்டாம். எனக்கும் கழகத்துல இருக்கற பேரு போகாது. யாருக்கும் நஷ்டம் இல்ல.”

கேட்கக் கொஞ்சம் நியாயமாகக்கூட இருந்தது. நான் வெலிக்கோவைப் பார்த்தேன். அவன் கட்டில் அருகே வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எனக்கு மன்னிப்பு வேண்டாம் தலைவரே.”

“டேய், நான் உன் நல்லதுக்குத்தான்...”

“பன்னெண்டு நாளா நான் தூங்கல. கண்ணை மூடினா உங்க கால்லேர்ந்து ரத்தம் கொட்டுது. நாயை நெனச்சுக்கிட்டு நான்தான் சுட்டேனோன்னு என்னை நானே கேட்டுக்கிட்டே கிடக்கேன். என் பொண்டாட்டி என் கையைப் பாக்கறா. நானும் என் கையைப் பாக்கறேன். ஜெயிலைப் பத்திக் கவலை இல்ல. என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. அது போதும்.”

ஸ்டாமென் கண்ணை மூடினார்.

“நீங்க ஏன் உங்க இடத்தை விட்டு வந்தீங்க?” என்று மேடம் கேட்டார். குரலில் போலீஸ் இல்லை.

“பனியில யாரு எந்தத் துப்பாக்கி எடுத்துட்டு வந்தான்னு நான் கவனிக்கல,” என்றார் அவர். “எல்லாம் உறையில இருந்துச்சு. இவன் எப்பவும் அவங்க அப்பாவோட பழைய ரெட்டைக் குழலைத்தான் கொண்டுவருவான். நாய்ச் சத்தம் கேக்க ஆரம்பிச்சப்புறம்தான் மரத்துக்கு நடுவுல பாத்தேன். கறுப்புக் கட்டை. குக்கெர். அந்தக் கடுதாசி அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. கத்தினா நாய்ச் சத்தத்துல கேக்காது. ஓடினேன். இந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்மா. ‘சேஃப்டியைத் தொடாதே’ன்னு சொல்லத்தான் வந்தேன். இன்னும் நாப்பது அடி இருந்துச்சு.”

வார்டில் யாரோ இருமினார்கள்.

ஸ்டாமென் கண்ணைத் திறந்து முதல் தடவையாக வெலிக்கோவை நேராகப் பார்த்தார். “உன் விரல் அசையல. நான் பாத்துக்கிட்டே வந்தேன். ட்ரிகர்மேல உன் விரலே இல்ல.”

வெலிக்கோ தரையில் குந்தி உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். எனக்கு என் வாயை என்ன செய்வதென்று தெரியாமல், மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

மேடம் அவன் அழுது முடிக்கக் காத்திருந்தார். பிறகு ஸ்டாமென் பக்கம் குனிந்தார். “தலைவரே, அந்தக் கடிதம் உங்களுக்கு மட்டுமா வந்துச்சு?”

“இல்ல. குக்கெர் வாங்கின எல்லாக் கழகத் தலைவருக்கும்.”

“பக்கத்துல யாரு வாங்கியிருக்காங்க?”

“சூஹி ரிட் ஊர்க்காரங்க. மொத்தம் பன்னெண்டு.” சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. “நாளைக்குக் காலையில அவங்களுக்கு விரட்டு.”

மேடம் போனை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினார். இரண்டு தடவை தப்பாகப் போனது. மேடம் ஒலிபெருக்கியைப் போட்டார்.

“அடேய் ஸ்டாமென்!” சூஹி ரிட் தலைவர் பாவ்லினின் குரல், பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம். “கால் எப்படி இருக்கு? அந்தப் பயலை உள்ள தள்ளிட்டாங்களா?”

“பாவ்லின், நான் சொல்றதைக் கேளு. அவன் சுடல. துப்பாக்கிதான். ஆகஸ்ட்ல வந்த கடுதாசி ஞாபகம் இருக்கா? நான் அஞ்சுல அஞ்சுன்னு எழுதினேன். நாலுதான் மாத்தினேன். அந்த அஞ்சாவதுதான் என்னைச் சுட்டுச்சு.”

மறுமுனையில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பாவ்லின் தனியே வந்திருக்க வேண்டும்.

“உன்னோடது பன்னெண்டு. நீயும் கையெழுத்துப் போட்டு அனுப்பினே,” என்றார் ஸ்டாமென். “நிஜமா எத்தனைடா மாத்தினே?”

மேடம் போனை இன்னும் கிட்டே நகர்த்தினார்.

“பாவ்லின்?”

“அறுவடை நேரம் ஸ்டாமென். யாருக்கும் நேரம் இல்ல. ட்ரிகரெல்லாம் வந்த பெட்டியிலயே இருக்கு.” அவர் குரல் உடைந்தது. “ஒண்ணுகூட மாத்தல. இன்னிக்கு மத்தியானமே பாதிப் பேரு மேல போயிட்டாங்க. மலைக் குடிசையில தங்கிட்டு விடியக்காலையில இறங்கறாங்க. அங்க போன் எடுக்காது.”

நான் கார் சாவிக்காகப் பையைத் தடவினேன். எந்தக் குடிசை, எந்தப் பாதை, என் காரால் எவ்வளவு தூரம் ஏற முடியும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். பஸ் போகும் ரோடெல்லாம் எனக்குத் தெரியும். அந்த மலைக்கு பஸ் கிடையாது.

வெலிக்கோ எழுந்து நின்றான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவருகே மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்தான்.

“எனக்கு அந்தக் குடிசை தெரியும்,” என்றான். “வண்டி எங்க நிக்குது அண்ணே?”